அமுங்கிய பொத்தான்

நைனாவின் நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்த பிறகு எங்கள் வீட்டில் நான் போலீஸ்காரன் ஆனேன். யாரும் என்னை நியமிக்கவில்லை. நானே தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

அரசு ஆஸ்பத்திரியில் இருந்து அனுப்பும் அன்று நர்ஸ் ஒருவர் எங்களை உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினார். தோலுக்கு அடியில் வைத்திருக்கும் இந்தச் சின்னக் கருவி இதயத்தின் துடிப்பை ஓயாமல் கவனித்துக்கொண்டே இருக்குமாம். துடிப்பு தாமதமானால் மெல்லத் தட்டி எழுப்புமாம். பக்கத்தில் பலமான ரேடியோ அலை ஏதாவது வந்தால், அதையே துடிப்பு என்று நினைத்து ஏமாந்துபோகவும் வாய்ப்பு உண்டு. அப்படி ஏமாந்தால் தட்டவேண்டிய நேரத்தில் தட்டாமல் சும்மா இருந்துவிடும். அதனால் செல்போனைச் சட்டைப் பையில் வைக்கக்கூடாது, வலது காதில் வைத்துத்தான் பேசவேண்டும். வெல்டிங் நடக்கும் இடத்தில் நிற்கக்கூடாது. வாக்கி டாக்கி மாதிரி அலை அனுப்புகிற சாமான் எதுவும் நெஞ்சுக்குப் பக்கத்தில் வரக்கூடாது.

"ஒரு முழம் தள்ளி இருந்தா போதும்யா. பயந்துக்கிட்டே இருக்க வேணாம், நல்லா நடமாடலாம்" என்றார் நைனாவிடம்.

நான் மாடு மாதிரித் தலையை ஆட்டினேன். அவர் சொன்ன கட்டுப்பாடுகள் எல்லாம் நைனாவுக்கு என்றுதான் என் மண்டையில் ஏறியது. நைனா துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவரிடம் வாக்கி டாக்கி கிடையாது. ஆகவே அந்த ஒன்றை அங்கேயே விட்டுவிட்டு, மற்றதையெல்லாம் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

தண்டையார்பேட்டையில் எங்கள் வீடு இரண்டு அறை கொண்டது. அதில் நான் செய்த அட்டகாசத்தை இப்போது நினைத்தால் எனக்கே கூசுகிறது. நைனாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் போனைச் சார்ஜ் போட்டதற்காக என் மனைவியிடம் கத்தினேன். மிக்சி ஓடும்போது நைனா சமையலறைப் பக்கம் போகக்கூடாது என்றேன். மிக்சியால் ஒன்றும் ஆகாது என்று நர்ஸே சொல்லியிருந்தார். போலீஸ்காரனுக்கு அதெல்லாம் எதற்கு? "மாமா, காத்துகூட கரண்டுன்னு சொல்லுவே போலகீது" என்றாள் அவள். நைனா சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது.

என் வேலையும் கத்துகிற வேலைதான். எண்ணூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர். காலை முதல் மாலை வரை கையில் வாக்கி டாக்கி இருக்கும். நாங்கள் அதைச் செட் என்போம். எந்தப் பெட்டி எந்த வரிசைக்குப் போகவேண்டும், எந்த டிரெய்லர் எங்கே நிற்கவேண்டும் என்று பக்கவாட்டில் உள்ள பொத்தானை அமுக்கி அமுக்கிக் கத்திக்கொண்டே இருப்பேன். அமுக்கினால் நாம் பேசலாம், விட்டால்தான் மற்றவர் பேசுவது கேட்கும். நான் அமுக்கின நேரம்தான் அதிகம்.

ஷிஃப்ட் முடிந்தால் செட்டை யார்டிலேயே வைத்துவிட்டுப் போகவேண்டும் என்பது விதி. யாரும் வைப்பதில்லை. வைத்தால் மறுநாள் காலையில் நல்ல பேட்டரி உள்ள செட் வேறு எவன் இடுப்பிலாவது தொங்கும். நமக்கு அரைமணியில் சாகும் செட்தான் மிஞ்சும். அதனால் அவரவர் செட்டை அவரவர் வீட்டுக்கு எடுத்துப்போவோம். அணைக்கவும் மாட்டோம். அடுத்த ஷிஃப்ட்காரன் ஏதாவது சந்தேகம் கேட்டால் போகிற வழியிலேயே பதில் சொல்ல வசதி. நான் அதை முதுகுப்பையில் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் செருகிக்கொண்டு பைக்கில் கிளம்புவேன்.

நைனாவுக்கு உலகத்தில் இருந்த ஒரே இன்பம் கேரம். திருவொற்றியூரில் கிரில் பட்டறை வைத்திருக்கும் அவருடைய தோஸ்துதான் அவருக்கு ஜோடி. நாங்கள் முன்பு குடியிருந்த தெருவிலேயே பட்டறை. வாசலில் தகரக் கூரைக்குக் கீழே ஒரு ஸ்டூலின் மேல் போர்டு எப்போதும் பவுடர் பூசிக் கிடக்கும். மதியம் சாப்பிட்டுவிட்டுப் பஸ் ஏறிப் போவார். சாயந்திரம் நான் வேலை முடிந்து வரும் வழியில் அவரை ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வருவேன். ரொம்ப நாளாக அப்படித்தான் நடந்துவந்தது.

பட்டறை என்றால் வெல்டிங். ஆபரேஷனுக்குப் பிறகு நான் ஒரேயடியாகத் தடுத்துவிட்டேன். நைனா சாப்பிடாமல் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். கடைசியில் பட்டறைக்காரரே போன் செய்து, "கண்ணு, உங்க நைனா வர்ற நேரத்துல நான் மெயினையே எறக்கி வெச்சிடறேன். மதியானத்துக்கு மேல எனக்கு மெஷினே வோணாம். அனுப்பு" என்றார். வேண்டாவெறுப்பாகச் சம்மதித்தேன்.

போக ஆரம்பித்த கொஞ்ச நாளில் நைனாவுக்குத் தலைசுற்றல் வந்தது. பைக்கில் இருந்து இறங்கியதும் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெயில் என்றார். அடுத்த வாரமும் அதே போல நின்றார். முகம் வெளுத்து, நெற்றியில் வேர்வை. வீட்டில் இருக்கும் நாட்களில் ஒன்றும் இல்லை. பட்டறைக்குப் போன நாள் சாயந்திரம்தான் வருகிறது.

எனக்கு மூளை கொஞ்சம் அதிகம். உடனே கண்டுபிடித்துவிட்டேன். பட்டறைக்காரர் மெஷினை நிறுத்துவதில்லை, நைனா அதை மறைக்கிறார், இரண்டு கிழங்களும் கூட்டுச் சேர்ந்து என்னை ஏமாற்றுகிறார்கள். பட்டறைக்குப் போகிற நாளும் என் பைக்கில் ஏறுகிற நாளும் ஒரே நாள் என்பது என் அதிக மூளைக்கு எட்டவில்லை.

ஒரு நாள் நான் போனபோது இருவரும் ஆடிக்கொண்டிருந்தார்கள். உள்ளே தரையில் வெல்டிங் கம்பி பிடிக்கிற ஹோல்டர் கிடந்தது. பக்கத்தில் புதிதாக ஒட்டின ஜன்னல் கிரில். போய்த் தொட்டுப் பார்த்தேன். தகரக் கூரைக்குக் கீழே கிடந்த இரும்பு, சூடாகத்தான் இருக்கும். எனக்கு அதெல்லாம் யோசிக்க நேரம் இல்லை. சின்ன வயதில் இருந்து மாமா என்று கூப்பிட்ட வாயால் அவரை "யோவ்" என்றேன்.

"யோவ், எங்க நைனாவ சாவடிக்கத்தான் கூப்பிடுறியா? உனக்கு ஆட ஆளு வோணும்னா வேற எவனாச்சும் கெடைக்க மாட்டானா?"

கிரில் வாங்க வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். பட்டறைக்காரர் கையில் ஸ்ட்ரைக்கரை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். "இன்னா கண்ணு இப்டி பேசுற. காலைலயே ஒட்டினது அது. அவரு வந்தப்புறம் நான் சுச்சுல கையே வெக்கல" என்றார். நைனாவும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்துவந்து பைக்கில் உட்காரவைத்தேன்.

எண்ணூர் விரைவுச் சாலையில் சாயந்திரம் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கும். அவற்றின் இடுக்கில் பைக் நுழைந்து நுழைந்து போகவேண்டும். நைனா பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு தள்ளி உட்காரப் பார்ப்பார். நான் விடமாட்டேன். பள்ளத்தில் வண்டி குதித்தால் மனிதர் விழுந்துவிடுவாரே என்று, அவர் இரண்டு கையையும் இழுத்து என் இடுப்பைச் சுற்றிப் பிடிக்கவைப்பேன். அன்றும் அப்படித்தான். அவர் நெஞ்சு என் முதுகுப்பையோடு ஒட்டிக்கொண்டது. நான் ஹெல்மெட்டுக்குள் இருந்தபடி வழியெல்லாம் கத்திக்கொண்டே வந்தேன். உனக்காக நான் ஆஸ்பத்திரியில் எப்படி அலைந்தேன், உனக்குக் கொஞ்சமாவது அறிவு இருக்கிறதா, அந்த ஆளுக்கு மனசாட்சி இருக்கிறதா என்று எல்லாம்தான். பின்னால் இருந்து நைனா நடுநடுவே ஏதோ சொன்னார். லாரிச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. சமாதானம் சொல்கிறார் என்று நினைத்து இன்னும் சத்தமாகக் கத்தினேன்.

காசிமேட்டுத் திருப்பத்தில் அவர் கை என் இடுப்பில் இருந்து நழுவியது. தலை என் தோளில் வந்து விழுந்தது. நான் காலை ஊன்றி வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பி அவரைத் தாங்கிப் பிடித்தேன். மீன் கூடையோடு நடந்துபோன இரண்டு பெண்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டு ஓடிவந்தார்கள். நடைபாதையில் படுக்கவைத்தோம். நான் பையைக் கழற்றித் தூர எறிந்துவிட்டு அவர் சட்டைப் பட்டனைத் திறந்தேன். ஒருத்தி முந்தானையால் விசிறினாள். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து, "ஒன்னும் இல்லடா, வுடு" என்றார்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சின் மேல் ஒரு கருவியை வைத்துச் சோதித்தார்கள். பேஸ்மேக்கரில் கோளாறு இல்லை, பேட்டரியும் நன்றாக இருக்கிறது. "பக்கத்துல ஏதாவது மெஷின் ஓடுச்சா?" என்று டாக்டர் கேட்டார். நான் முந்திக்கொண்டு, "வெல்டிங் பட்டறைல உக்காந்திருந்தாரு சார்" என்றேன். "அப்போ அங்க போகவேண்டாம்" என்றார் டாக்டர். அவ்வளவுதான். சாட்சி நான், தீர்ப்பு டாக்டருடையது.

அதன் பிறகு நைனா வீட்டிலேயே இருந்தார். தலைசுற்றல் நின்றுவிட்டது. "பாத்தியா?" என்று நான் பெருமையாகக் கேட்டேன். அவர் பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தெருவில் போகிற தண்ணீர் லாரியைப் பார்த்துக்கொண்டிருப்பார். சில சமயம் கைப்பிடிச் சுவரில் விரலைச் சுண்டுவார். நான் பார்த்தால் நிறுத்திக்கொள்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்காரர் வந்தார். சலவைச் சட்டை போட்டு, கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு கீழே நின்றார். நான் மாடிப்படி இறங்கிப்போய், "தூங்கினுகீறாரு" என்றேன். அவர் பழத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, "எழுந்தா சொல்லு கண்ணு" என்று போனார். நைனா தூங்கவில்லை. பால்கனியில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மேலே வந்த என் கையில் இருந்த பழத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த ஒரு பொய்க்காக என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் என்று இப்போதும் தோன்றுகிறது.

அடுத்த மாதம் எனக்கு இரண்டாவது ஷிஃப்ட் போட்டார்கள். காலை ஷிஃப்ட்காரர்களுக்கும் இரண்டாவது ஷிஃப்ட்காரர்களுக்கும் அவ்வளவாகப் பேச்சுவார்த்தை இருக்காது. நாங்கள் போகும்போது அவர்கள் வருவார்கள். கன்டெய்னரைத் தூக்கி அடுக்குகிற பெரிய வண்டி ஓட்டுகிறவர் ஒருவர், என்னைவிட மூத்தவர், டீக் கடையில் என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"இன்னா சூப்பர்வைசரே, வீட்லயும் யார்டுதானா? பட்டறைக்காரன் ஒருத்தன கிழி கிழின்னு கிழிச்சியே. யார்டே கேட்டுச்சு."

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். சாயந்திரம் ஷிஃப்ட் மாறி கொஞ்ச நேரத்தில், செட்டில் யாரோ பொத்தானை அமுக்கிக்கொண்டே இருப்பார்களாம். பைக் சத்தமும் லாரி ஹாரனும் வருமாம். மற்றவர் யாரும் பேச முடியாமல் திட்டுவார்களாம். வாரத்தில் சில நாள் அப்படி நடந்ததாம். யாருடைய செட் என்று தெரியாமல் இருந்தது. அந்த நாள் என் குரலைக் கேட்ட பிறகுதான் தெரிந்ததாம்.

டீயை அப்படியே வைத்துவிட்டு என் பையை எடுத்தேன். டிபன் பாக்ஸை உள்ளே வைத்தேன், செட்டை எப்போதும் போலப் பக்கத்தில் செருகினேன், பையை முதுகில் மாட்டி, அவரைப் பின்னால் இருந்து அழுத்தச் சொன்னேன். அவர் உள்ளங்கையால் அழுத்தினார். அவர் இடுப்பில் இருந்த செட் கரகரத்தது. டிபன் பாக்ஸின் விளிம்பு சரியாகப் பொத்தானின் மேல் உட்கார்ந்திருந்தது.

நைனாவின் நெஞ்சு அழுத்திய இடம் அது. நான்தான் கையைப் பிடித்து இழுத்து அழுத்தவைத்தேன்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போய் அதே நர்ஸைத் தேடிப் பிடித்தேன். நடந்ததைச் சொன்னேன். "நெஞ்சுக்கும் வாக்கி டாக்கிக்கும் நடுவுல எவ்வளவு இடம் இருந்துச்சு?" என்று கேட்டார். ஒரு பைத்துணிதான் இருந்தது என்றேன். "அதனாலயா இருக்கலாம். அதுதான்னு நிச்சயமா சொல்ல முடியாதுப்பா" என்றார். வெளியே வந்ததும் அந்த 'நிச்சயமா சொல்ல முடியாது' என்பதைப் பிடித்துத் தொங்கிக்கொள்ளத்தான் என் மனம் பார்த்தது. பைக் நிறுத்தியிருந்த இடம் வரை தொங்கினேன். அதற்கு மேல் கை வலித்துவிட்டது.

நேராகப் பட்டறைக்குப் போனேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எழுந்தார். நான் உள்ளே போகாமல் வாசலில் நின்றே எல்லாவற்றையும் ஒப்பித்தேன். மன்னிப்பு என்ற வார்த்தை வாயில் வரவில்லை, வேறு எல்லாம் வந்தது. அடிப்பார் என்று நினைத்தேன். திட்டினால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"நெசமாவா?" என்றார். "அப்போ நான் இல்லியா கண்ணு?"

"நீங்க இல்ல மாமா."

அவர் அடுக்கியிருந்த இரும்புப் பட்டைகளின் மேல் உட்கார்ந்துவிட்டார். அன்று நைனா வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சின்ன ஒட்டு போட்டாராம். மெயினை இறக்கின பிறகும் மெஷினுக்குள் ஏதாவது கரண்ட் நின்று அவரை அடித்திருக்குமோ என்று இத்தனை நாளும் நினைத்து நினைத்துச் செத்துக்கொண்டிருந்தாராம். "சோறு எறங்கல கண்ணு. நம்ம கையாலயே ஆயிடுச்சேன்னு" என்றார். நான் சுமக்கவேண்டியதை அந்த மனிதரின் தலையில் ஏற்றிவிட்டு, ஒரு மாதம் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். அவருக்கு முன்னால் நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து நைனாவிடமும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு, "சரி, இப்போ போவட்டா?" என்றுதான் கேட்டார். அன்றே பஸ் ஏறிப் போய்விட்டார். செட்டை நான் யார்டிலேயே வைக்க ஆரம்பித்தேன். காலையில் கிடைக்கிற செத்த பேட்டரி செட்டோடு மல்லாடுகிறேன். பைக்கில் பையை முன்னால் டேங்கின் மேல் வைத்துக்கொள்கிறேன்.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஷிஃப்ட் மாறுவதற்கு முந்தைய நாள், அந்த வண்டி ஓட்டுகிறவர் டீக் கடையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இந்த முறை சிரிக்கவில்லை.

"ஒன்னு கேக்கணும்னு இருந்தேன். தப்பா எடுத்துக்காத. அன்னிக்கு உங்க நைனா சொல்லிகினே வந்தாரே, நீ ஏன் நிறுத்தல?"

"இன்னா சொன்னாரு?"

"தல சுத்துதுடா, ஓரமா நிறுத்துடான்னு. எங்களுக்கு நல்லா கேட்டுச்சு, அவரு வாய் செட்டுக்குப் பக்கத்துல இருந்திருக்கும் போல. நாங்க எல்லாம் வண்டிய நிறுத்திட்டு கத்தினோம், யோவ் நிறுத்துயா, பெரியவரு சொல்றாரு பாருன்னு. ஆளாளுக்கு கத்தினோம். உன் பொத்தான் அமுங்கிகினு இருந்தா உனக்கு எங்க கேக்கும்?"

டிபன் பாக்ஸ், பொத்தான், பை எல்லாவற்றுக்கும் என்னிடம் காரணம் இருந்தது. தெரியாமல் நடந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். நர்ஸ் சொன்ன நிச்சயமில்லை என்பதும் இருந்தது. இதற்கு எதுவும் இல்லை. என் முதுகுக்குப் பின்னால் ஒரு ஜாண் தூரத்தில் அவர் சொன்னது யார்டு முழுக்கக் கேட்டிருக்கிறது.

அன்று ராத்திரி வீட்டுக்குப் போனபோது நைனா நேரங்கழித்துப் பால்கனியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கேட்கவேண்டாம் என்று ஒரு மனம் சொன்னது. கேட்டேன்.

"நைனா, அன்னிக்கு வண்டிய நிறுத்துன்னு சொன்னியா?"

அவர் தட்டில் இருந்து தலையைத் தூக்கவில்லை.

"சொன்னேன்டா. நீ பேசிகினு இருந்த."